முத்திருளனுக்கு எத்தனை வயது

முத்திருளனுக்குக் கை நீளம் என்றதும் யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் வீட்டுக் குண்டூசியைக்கூடத் தொடாதவன் அவன். இது அளவுகோல் வைத்து அளக்கிற நீளம். நேராக நின்றால் விரல் நுனி முட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உசிலம்பட்டித் தையல்காரர் அவன் சட்டைக்கு அளவெடுக்கும்போதெல்லாம், "உடம்புக்கு ஒருத்தன், கைக்கு ஒருத்தன்னு ரெண்டு பேரா வந்திருக்கலாம்ல மாப்ள" என்று அலுத்துக்கொள்வார். ஆட்டுக்குத் தழை இழுக்க மூங்கில் கழி நுனியில் சிறு அரிவாளைக் கட்டி வைத்திருப்பார்களே, அந்தத் தொரட்டிதான் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வந்தது. பத்து வயதிலேயே அவன் தொரட்டிக்கை ஆகிவிட்டான்.

அந்தக் கை அவனை மதுரை ஜில்லாவின் கோல்கீப்பர் ஆக்கியது. அதே கைதான் தன்னை ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டிக்குப் போகவிடாமல் கெடுத்தது என்று பத்து வருடம் அவன் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது சிரிப்பான். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். உள்ளே அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

கதை தொடங்குவது 1959 ஜூன் மாதத்தில். உசிலம்பட்டிக்கு மேற்கே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் அவர்கள் ஊர். அப்பா பேயாண்டி விடிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மா பாண்டியம்மாள் கூலி வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது? ஓராசிரியர் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க அந்தக் காலத்து வாத்தியார்களிடம் ஒரு சோதனை உண்டு. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து. தொடாவிட்டால் போய்விட்டு அடுத்த வருடம் வா. பிறந்த தேதியை எந்த வீட்டிலும் எழுதி வைக்காத ஊரில் இதைவிட நல்ல ஏற்பாடு யாருக்கும் தோன்றவில்லை. முத்திருளனுக்கு அன்று நாலு வயதும் இரண்டு மாதமும். கையைத் தூக்கினான். காதைத் தொடுவதாவது, காதைத் தாண்டிப் போய்த் தாடையைத் தடவிவிட்டு வந்தது கை. வாத்தியார் பயலை ஏற இறங்கப் பார்த்தார். இவனுக்கு ஐந்து போதாது, ஆறு போடலாம் என்று ரிஜிஸ்தரில் 1.6.1953 என்று எழுதிவிட்டார். அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள்தான். கூட்டிக் கழிக்க அவருக்கு அதுதான் வசதி.

இது ஊரார் சொல்லி முத்திருளன் கேட்ட கதை. கல்யாண வீட்டில், கறி விருந்தில், ஆடு மேய்க்கிற இடத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா மட்டும் அதைச் சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தால் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

ஆறாம் வகுப்புக்கு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்ந்தான். அங்கே விளையாட்டு வாத்தியார் இன்பசேகரன். அவர் முதல் நாளே பையனின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "டேய், நீ கோல்ல நில்லு" என்றார். அன்றைக்கு நின்றவன்தான். வெறுங்காலோடு, செம்மண்ணில் விழுந்து விழுந்து முழங்கை இரண்டும் காய்ப்புக் காய்த்துப்போனது. மற்ற கோல்கீப்பர்கள் பந்தைப் பிடிப்பார்கள், இவன் பறிப்பான். ஒன்பதாம் வகுப்பில் அப்பா இறந்தபோதுகூட விளையாட்டை விடவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கப்பலூரில் போல்ட்டு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்தான். வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு மதுரைக்கு வந்து, இருட்டுகிறவரை இன்பசேகரன் சார் அடிக்கிற பந்தைப் பிடித்துப் பழகிவிட்டுத் திரும்புவான்.

1974 ஜனவரியில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு பந்தயம். இரண்டு பெனால்ட்டியைத் தடுத்தான். இரண்டாவது, வலது மேல் மூலைக்குப் போன பந்து. கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவில் அந்தத் தொரட்டிக்கை எங்கிருந்தோ வந்து நுழைந்தது. மெட்ராஸிலிருந்து ஆள் பொறுக்க வந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. இன்பசேகரன் சார் அதை எடுத்துக்கொண்டு வேகாத வெயிலில் கப்பலூருக்கே வந்துவிட்டார். பட்டறைச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"பாங்காக்டா முத்திருளா! ஆசியாவுல இருக்குற நாடெல்லாம் வருது. ஈரான், பர்மா, கொரியா எல்லாம்! இருபது வயசு நிறையாத பயலுக ஆடுற போட்டி. மெட்ராஸ்ல தேர்வு வச்சிருக்காங்க. அதுல நின்னுட்டா அப்புறம் இந்திய முகாம். பன்னெண்டு நாள்ல வயசு அத்தாட்சியோட வரச் சொல்லியிருக்கான்."

முத்திருளன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பெயர் தட்டச்சில் இருந்தது. திரும்பத் திரும்ப அதையே பார்த்தான்.

"அத்தாட்சின்னா எஸ்.எஸ்.எல்.சி. புத்தகந்தானே சார்?"

"அதேதான். எடுத்துட்டு வா."

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1.6.1953. இருபது முடிந்து எட்டு மாதம்.

சார் முகம் சுண்டிப்போனது. "நெசமா நீ எப்பப் பொறந்த?"

"வைகை அணை வேலை ஆரம்பிச்ச வருசம் சார். சித்திரை ஒம்பது."

சார் விரல் விட்டு எண்ணினார். "அம்பத்தஞ்சு ஏப்ரல். அட, பத்தொம்போதுகூட நிறையலையேடா. உங்க கோயில்ல எழுதி வச்சிருக்க மாட்டாங்களா?"

"எங்க சாமிக்கு எழுதத் தெரியாது சார்."

சார் கேட்டதில் தப்பில்லை. அவருக்கு வேறு மாதிரி உலகம் தெரியாது. அதே அணியில் ஓரத்தில் ஓடுகிற ஜேசுராஜுக்கும் கடிதம் வந்திருந்தது. அவன் காலையில் பங்குச் சாமியாரிடம் போனான், மதியச் சாப்பாட்டுக்குள் ஞானஸ்நானப் பதிவின் நகலோடு வந்துவிட்டான். பிறந்த நாள், தண்ணீர் ஊற்றிய நாள், ஞானத்தாய் பெயர் வரை அதில் இருந்தது. முத்திருளனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வாத்தியார் ஐந்து என்று எழுதியிருந்தால்கூடப் போதும். ஜூன் முதல் தேதிதான் இருபது நிறைந்திருக்கும். போட்டி ஏப்ரலிலேயே முடிந்துவிடும். ஒரு மாதம் மிச்சம் வைத்துத் தப்பியிருப்பான். ஆறு என்று எழுத அந்த மனுசனுக்கு என்ன அவசரம்?

மேலாளரிடம் லீவு சொன்னான். நாலு நாள் என்றான். அவர் இரண்டு என்றார். இரண்டு நாளில் என்ன நடக்கும்? கல்வி அதிகாரி அலுவலகத்தில் முதல் நாள் போய்விட்டது. பிறந்த தேதியை மாற்ற வேண்டுமானால் பிறப்புப் பதிவேட்டு நகல் வேண்டும் என்றார்கள். நகல் எங்கே கிடைக்கும்? தாலுகா ஆபீஸில். தாலுகா ஆபீஸில் அந்த அறையின் சாவி வைத்திருப்பவர் லீவு. மறுநாள் வந்தார், மனு எழுதச் சொன்னார். எழுதினால் ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார். ஒட்டினால், பழைய பதிவேடுகள் மூட்டையில் கிடக்கின்றன, இறக்க ஆள் இல்லை என்றார். மேலாளர் கொடுத்த லீவு தீர்ந்தது. முத்திருளன் சொல்லாமலே மூன்றாவது நாள் நின்றான், நாலாவது நாளும் நின்றான். அலமாரிக்கு மேலே இருந்த மூட்டையை அவனே கையை நீட்டி இறக்கிக் கொடுத்தான். அதற்கு மட்டும் அந்தக் கை உதவியது.

மூக்குப்பொடி போடுகிற ஒரு குமாஸ்தா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"பேயாண்டி பிள்ளைன்னு ரெண்டு இருக்கேப்பா. ஒண்ணு அம்பத்தி மூணு ஜூன் பத்தொம்போது, ஆண். இன்னொண்ணு அம்பத்தஞ்சு ஏப்ரல் இருபத்திரெண்டு, ஆண். ரெண்டுலயும் பேரு எழுதலை. இதுல நீ யாரு?"

"ரெண்டாவது சார்."

"அப்ப மொதலாவது யாரு?"

முத்திருளனுக்கு மூத்ததாக ஒன்று பிறந்து தவறிப்போனது என்று அத்தை ஒருத்தி எப்போதோ சொல்லக் கேட்டிருக்கிறான். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

"அது தவறிப்போச்சு சார்."

குமாஸ்தா இறப்புப் பதிவுகளை எடுத்தார். 53, 54, 55. எதிலும் இல்லை. "சாவு பதியலையே. பதியலைன்னா சர்க்காரைப் பொறுத்தவரைக்கும் அவன் உசுரோட இருக்கான்."

"சார், நான் உங்க முன்னாடி நிக்கிறேன்ல?"

"நிக்கிற. எந்தப் பிள்ளையா நிக்கிறேன்னுதான் கேக்குறேன். உன் புத்தகத்துல அம்பத்தி மூணு ஜூன். இங்கயும் அம்பத்தி மூணு ஜூன்ல ஒரு ஆண் பிள்ளை. பொருத்தமா இருக்குல்ல? நான் அம்பத்தஞ்சுன்னு நகல் குடுத்துட்டா, மூத்தவன் எங்கடான்னு நாளைக்கு ஒருத்தன் என்னைக் கேப்பான்."

அதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், குமாஸ்தா சொன்னது முட்டாள்தனமாக இல்லை. முட்டாள்தனமாக இருந்தால் சண்டை போடலாம்.

அத்தையைத் தேடிப் போய்க் கேட்டான். மூத்த பிள்ளை எட்டு மாதத்தில் அம்மாவின் தாய் வீட்டில், வாடிப்பட்டிப் பக்கத்து ஊரில், காய்ச்சலில் போனது என்றாள். வாடிப்பட்டிக்கு ஓடினான். அங்கே கிராம முன்சீப்பின் பதிவேட்டிலும் இல்லை. கைப்பிள்ளை சாவை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்திருப்பார்கள். திரும்பி வந்து குமாஸ்தாவின் முன்னால் நின்றபோது ஒன்பது நாள் ஓடிப்போயிருந்தது. அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"ஒண்ணு செய்யி. உங்க ஆத்தாளைக் கூட்டி வா. மூத்த பிள்ளை இன்ன வருசம் இன்ன ஊர்ல செத்துச்சுன்னு என் முன்னாடி சொல்லிக் கைநாட்டு வைக்கட்டும். தாசில்தார்கிட்ட நானே பேசி நகல் வாங்கித் தாரேன்."

முத்திருளன் அவர் காலில் விழாத குறைதான். ஒரு வார்த்தை. அம்மா சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவன் மனதுக்குள் பாங்காக்குக்கே போய்விட்டான். அம்மாவிடம் ஆபீஸில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவளும் வாரேன் என்றாள்.

மறுநாள் பாண்டியம்மாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, குமாஸ்தாவின் மேஜை முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் பேனாவைத் திறந்தார்.

"மூத்த பிள்ளை பேரு என்னம்மா?"

"முத்திருளன்."

"இந்தப் பிள்ளை பேரு?"

"முத்திருளன்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். முத்திருளன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே இது புதிய செய்தி. ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது அங்கே வழக்கம். அந்தப் பிள்ளை தங்கவில்லையென்றால் அடுத்தவனுக்கு அதே பெயர் வரும். தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாது.

"தாத்தா பேரு சார். அதான் ரெண்டு பேருக்கும்," என்றான்.

"இருக்கட்டும். ஏம்மா, மூத்தவன் எப்பச் செத்தான்?"

பாண்டியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள்.

"எந்த வருசம்மா?"

"அவன் பொறந்தது ஆனி அஞ்சுங்க," என்றாள்.

"பொறந்தது எனக்குத் தெரியும். செத்ததைச் சொல்லும்மா."

"சொல்லு ஆத்தா," என்றான் முத்திருளன். "செத்துப் போச்சுன்னு சொல்லு. கைநாட்டு வையி. அம்புட்டுதான்."

குமாஸ்தா மை தடவிய பலகையை அவள் பக்கம் தள்ளினார். பெருவிரலைச் சேலைக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் படியிறங்கி, வெயிலில் நடந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டாள்.

முத்திருளன் பின்னாலேயே ஓடினான். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினான். "ஒரு வார்த்தை ஆத்தா! ஊர் அறிஞ்ச சாவு! இருபது வருசத்துக்கு முன்னாடி செத்ததைச் செத்துப் போச்சுன்னு சொல்ல உனக்கு என்ன கேடு? என் பொழப்பைக் கெடுக்கிறியே!"

"வெயிலு ஏறுது. பஸ்ஸைப் பாரு," என்றாள் அவள்.

அவளை ஏற்றிவிட்டுத் திரும்பவும் ஆபீஸுக்குப் போனான். குமாஸ்தா கையை விரித்தார். கெஞ்சினான், மறுநாளும் போய்க் கெஞ்சினான். பன்னிரண்டாம் நாள் மெட்ராஸ் ரயிலில் ஜேசுராஜ் மட்டும் ஏறினான். அவனும் மெட்ராஸ் தேர்வோடு திரும்பி வந்துவிட்டான். முத்திருளன் போயிருந்தாலும் அதே கதி ஆகியிருக்கலாம். யார் கண்டது? ஆனால் ஆடித் தோற்றுத் திரும்புகிறவனுக்கு உறக்கம் வரும். வாசலிலேயே நிறுத்தப்பட்டவனுக்கு வராது.

லீவு சொல்லாமல் நின்றதற்காக மேலாளர் ஒரு வாரம் அவனை வெளியே நிறுத்தி வைத்தார். அந்த வாரம் முழுக்கப் பந்தைத் தொடவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் கப்பலூர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். பாங்காக்கில் இந்தியாவும் ஈரானும் கடைசி ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு கோல் போட்டுச் சமமாக முடித்து, இரண்டு நாடும் சேர்ந்து கோப்பையைப் பெற்றன என்று போட்டிருந்தது. கடைக்காரர், "ஜெயிச்சுட்டோம்ல தொரட்டி!" என்று தோளில் தட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம். முத்திருளனுக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கண் அந்த இரண்டு கோலிலேயே நின்றுவிட்டது. இரண்டு. அதில் ஒன்றையாவது இந்தக் கை தட்டியிருக்காதா? தட்டியிருந்தால் கோப்பையைப் பங்கு போட வேண்டியிருந்திருக்காது. டீ ஆறிப்போனது. குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தான்.

அம்மாவோடு எட்டு மாதம் பேசவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போவான், சாப்பிடுவான், வருவான். அவள் கேட்டால் தலையசைப்பான். தீபாவளிக்குச் சேலை வாங்கிக் கொடுத்தபோதுதான் பேச்சு திரும்பியது. அந்த ஆபீஸ் விஷயத்தை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. கோபத்தையெல்லாம் செத்துப்போன பழைய வாத்தியார் மேல் திருப்பிவிட்டான். அவரைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

அதற்கப்புறம் அவன் யாரிடம் வயது சொன்னாலும் ஒரு வியாக்கியானத்தோடுதான் சொல்வான். ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம், "பேப்பர்ல அம்பத்தி மூணு சார், நெசத்துல அம்பத்தஞ்சு" என்று ஆரம்பித்து, கை, காது, வாத்தியார், பாங்காக் வரை போய்விடுவான். அவர் சலித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதே கச்சேரி. மாப்பிள்ளைக்கு வயதில் ஏதோ கோளாறு என்று அங்கே கிசுகிசுத்தார்கள். அந்த வீட்டுப் பெண் சின்னத்தாய்தான், "ரெண்டு வயசுக்கு இம்புட்டு அழுகிற ஆளு பொய் சொல்ல மாட்டாரு" என்று கட்டிக்கொண்டாள். முப்பது வயதை நெருங்குகிறபோது முட்டி மக்கர் செய்தது. கோலில் நிற்பதை விட்டான். கதையை மட்டும் விடவில்லை.

1979 மார்ச்சில் மகள் பிறந்தாள். தொப்புள்கொடி காய்வதற்குள், மூன்றாம் நாளே போய், அழகம்மாள் என்று பெயரோடு பதிந்து, முத்திரை போட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான். பிள்ளைக்குக் கை நீளம். அதைப் பார்த்ததும் அவனுக்குத் திக்கென்றது.

1984 ஜூன். கப்பலூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளி. சின்னத்தாய்க்குக் காலை வேலை என்பதால் முத்திருளன் மகளைக் கூட்டிப் போனான். ஊரில் இருந்த துண்டு நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து தங்கியிருந்த பாண்டியம்மாளும் கூடவே வந்தாள். பேத்தி அப்பத்தா விரலை விடமாட்டேன் என்றாள்.

தலைமையாசிரியை சகாயமேரி டீச்சர் நல்ல மனுஷி. பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்க பாப்பா, கையத் தலைக்கு மேல கொண்டுபோய்க் காதைத் தொடு" என்றாள்.

"வேண்டாம் டீச்சர்!" முத்திருளன் பதறிப்போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். சான்றிதழை மேஜைமேல் வைத்தான். "இந்தாங்க தேதி. இதைப் பாத்து எழுதுங்க. கையை நம்பாதீங்க."

டீச்சர் சிரித்தாள். ஏன் என்று கேட்டாள். கேட்க வேண்டுமா? அவன் ஆரம்பித்துவிட்டான். நாலு வயதும் இரண்டு மாதமும், தாடையைத் தடவிய கை, ஆறு என்று எழுதிய வாத்தியார், பதிவேட்டில் இருந்த இரண்டு பிள்ளைகள், பாங்காக், ஈரான், இரண்டு கோல். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை, எங்கே சிரிப்பு வரும் என்று அவனுக்குத் தெரியும். தாலுகா ஆபீஸில் அம்மா எழுந்து போனதை மட்டும் விட்டுவிட்டான். அது எப்போதும் விடுகிற இடம்.

"அந்த வாத்தியாரு அஞ்சுன்னு போட்டிருந்தாலே நான் போயிருப்பேன் டீச்சர்," என்று முடித்தான்.

"அவரு அஞ்சுன்னுதான் போடப் போனாரு," என்றாள் பாண்டியம்மாள்.

அவள் பெஞ்சில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன ஆத்தா சொல்ற?"

"உன் கை காதைத் தாண்டுச்சு. நெசந்தான். 'சரிம்மா, அஞ்சு ஆயிருச்சு'ன்னாரு. பேரு கேட்டாரு, சொன்னேன். 'முத்திருளனுக்கு அஞ்சுதானேம்மா'ன்னு திரும்பக் கேட்டாரு. 'ஆறு சாமி'ன்னுட்டேன்."

"ஏன்?"

"முத்திருளனுக்கு அந்த ஆனிக்கு ஆறு ஆகுதுல்ல."

முத்திருளனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அவன் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியவன்டா," என்றாள். "உன்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிப் போறப்ப வழியெல்லாம் அவன் நெனப்பு. வாத்தியாரு அந்தப் பேரைச் சொல்லி வயசு கேக்கவும் வாயில அதான் வந்துச்சு. நான் வேணும்னு சொல்லலய்யா. அதுக்கப்புறம் ஊரே உன் கையைச் சொல்லிச் சிரிச்சுச்சு. நான் பேசாம இருந்துட்டேன்."

"அன்னைக்குத் தாலுகா ஆபீஸ்லயாச்சும் சொல்லியிருக்கலாம்ல ஆத்தா?"

"அவன் இருந்தது அந்த ஒரு நோட்டுலதான். அதுல இருந்தும் அழிச்சுவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டீங்க."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முத்திருளனுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? அஞ்சு என்று அந்த மனுசன் எழுதப் போயிருக்கிறார். பாங்காக், நாடு, கோப்பை, அவன் வாழ்க்கையில் வந்த ஒரே பெரிய வாசல், எல்லாம் இந்த அம்மாவின் வாயில் தவறி விழுந்த ஒரு சொல்லில் போயிருக்கிறது. பத்து வருடமாகத் தன் கையைத் திட்டினான், பாவம் அந்த வாத்தியாரைத் திட்டினான். இப்போது திட்ட வேண்டிய ஆள் கண் முன்னால், பெருவிரலைச் சேலைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் கத்தியது ஞாபகம் வந்தது. செத்ததைச் செத்துப் போச்சுன்னு சொல்ல உனக்கு என்ன கேடு.

அழகம்மாள் அப்பத்தாவின் மடியில் இருந்தபடி, யாரும் கேட்காமலே, கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மெல்லப் பேனாவை எடுத்தாள். பாரத்தில் இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

"அப்பா பேரு முத்திருளன். வயசு என்ன போடட்டும்?" என்று கேட்டாள். அவன் இரண்டு வயதையும் சொல்வான், எதை எழுதுவது என்று குழப்புவான் என்று காத்திருந்தாள்.

பாண்டியம்மாள் தலையைத் தூக்கவில்லை.

"முத்திருளனுக்கு இந்த ஆனிக்கு முப்பத்தொண்ணு டீச்சர்," என்றான்.